அகலப் படங்களும் நிமிர்ந்த திரையும்

நான் எடுப்பது பெரும்பாலும் நீர்ப்பறவைகளும் அவை இறங்கும் குளங்களும்தான். அதிலும் பாதிக்கு மேல் கூந்தன்குளம். திருநெல்வேலி மாவட்டத்தில் நாங்குநேரி வட்டத்தில் இருக்கும் ஊர். சங்குவளை நாரை, கூழைக்கடா, பூநாரை, இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து என்று ஒரே கரையில் நின்று பார்க்கக் கிடைப்பது பெரிய கொடுப்பினை. இந்தப் படங்களை வைப்பதற்காக 2012 வாக்கில் ஓர் இணையதளம் செய்தேன். அன்றைய வழக்கப்படி 960 பிக்சல் அகலம், கறுப்புப் பின்னணி, இடது பக்கம் சின்னப் படங்களின் வரிசை, ஒன்றைச் சொடுக்கினால் வலது பக்கம் பெரிதாகத் திறக்கும். கணினியில் பார்த்தால் இன்றைக்கும் அது அழகாகத்தான் இருக்கும்.

ஆனால் கணினியில் பார்க்க இன்று யாரும் வருவதில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை இறங்கியதும், எங்கள் பக்கத்தில் இணையம் என்றாலே போன் என்றாகிவிட்டது. வாட்ஸாப்பில் யாரோ அனுப்பிய இணைப்பைத் தட்டித்தான் என் தளத்துக்குள் பெரும்பாலானோர் நுழைகிறார்கள். தளத்தைப் புதிதாகச் செய்ய உட்கார்ந்தபோது, இது நிரல் எழுதும் வேலை, சில வாரம் மாலையில் உட்கார்ந்தால் முடியும் என்றுதான் தோன்றியது. நிரல் வேலை உண்மையிலேயே சீக்கிரம் முடிந்தது. எந்தப் படத்தை வைப்பது, எதை எடுப்பது, எதை எப்படி வெட்டுவது, எதற்குப் பின் எதை வைப்பது என்ற வேலைதான் மாதக்கணக்கில் இழுத்தது. புகைப்படக்காரர்கள் தளத்தை மொபைலுக்கு மாற்றும்போது முதலில் நேரம் ஒதுக்க வேண்டியது இதற்குத்தான் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

கூந்தன்குளத்தில் வீட்டு மரத்தில் நாரை கூடு கட்டினால் விரட்ட மாட்டார்கள். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதையும் விட்டுவிட்ட ஊர் அது. அங்கே கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி நான் போகும்போதெல்லாம் எந்தப் பறவை எந்தப் பக்கம் நிற்கிறது என்று சொல்வார். அவருக்குத் தளத்தின் இணைப்பை அனுப்பினேன். போனை நீட்டிப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏன் தம்பி, குளந்தான் தெரியுது, பறவையக் காணோமே" என்றார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது முந்நூறுக்கு மேல் பூநாரைகள் நிற்கும் படம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் சொன்னது அப்பட்டமான உண்மை. என் கேமராவின் படம் 6000 பிக்சல் அகலம், 4000 உயரம். அந்தப் படத்தில் ஒரு பூநாரையின் உயரம் ஏறக்குறைய 60 பிக்சல். 24 அங்குல மானிட்டரில் முழு அகலத்துக்கு வைத்தால் பறவை அரை சென்டிமீட்டர் உயரத்துக்குத் தெரியும். காலும் வளைந்த கழுத்தும் பிரித்தறியலாம். அதே படம் கையகலப் போனில் முழு அகலத்துக்கு வந்தால் பறவை ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. பல ஆண்ட்ராய்டு போன்களில் பிரவுசர் கணக்குக்குத் திரை 360 பிக்சல் அகலம், 800 உயரம் (திரையில் உள்ள உண்மையான புள்ளிகள் அதைப்போல் மூன்று மடங்குகூட இருக்கலாம்). 3:2 விகிதப் படம் அதில் 360-க்கு 240 ஆகச் சுருங்கி, திரை உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. மேலும் கீழும் வெற்றிடம். குளம் முழுவதையும் காட்டும் 3:1 படமென்றால் வெறும் 120 பிக்சல் உயரம், ஒரு பட்டை மட்டும்தான். தொழில்நுட்பமாகத் தளம் எத்தனை சரியாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. 'போனைத் திருப்பிப் பாருங்கள்' என்று எழுதி வைக்கலாமா என்று யோசித்தேன். எனக்குத் தெரிந்த பலர் ஆட்டோ ரொட்டேட்டை அணைத்தே வைத்திருக்கிறார்கள். படம் பார்க்க வருகிறவரிடம் முதலில் வேலை சொல்வதும் எனக்குப் பிடிக்கவில்லை.

அதனால் இருந்த படங்களை எல்லாம் போனிலேயே ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். இதைக் கணினியில் ஜன்னலைச் சுருக்கிப் பார்த்துச் செய்யாதீர்கள். மேசையில் இருக்கும் திரைக்கும் கண்ணுக்கும் உள்ள தூரம் வேறு, கையில் இருக்கும் போனுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரம் வேறு.

சில படங்கள் சுருங்கினாலும் உயிரோடு இருந்தன. ஒற்றைக் கூழைக்கடா தண்ணீரில் இறங்கும் படம், இரண்டு நாரைகள் கூட்டில் எதிரெதிரே நிற்கும் படம் இந்த வகை. பெரிய உருவம், எளிய பின்னணி, தெளிவான விளிம்பு இருந்தால் படம் சின்னத் திரையைத் தாங்கும். இவற்றை அப்படியே விட்டேன்.

சில படங்களை உயரவாக்கில் வெட்ட முடிந்தது. 4:5 விகிதத்தில் வெட்டினால் 360 அகலத்துக்கு 450 உயரம் கிடைக்கிறது. 3:2-ஐ விடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பரப்பு. இங்கேதான் கொஞ்சம் பொறுமை வேண்டும். பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில் 'ஆப்ஜெக்ட்-ஃபிட் கவர்' என்று ஒரு வரி போட்டால் பிரவுசரே பெட்டிக்கு ஏற்றபடி படத்தை வெட்டிக்கொள்ளும். ஆனால் அது நடுவை வைத்துக்கொண்டு ஓரத்தை வெட்டும். பறவைப் படத்தில் பறவை நடுவில் இருப்பது அபூர்வம். அது பறக்கும் திசையில் இடம் விட்டுத்தான் எடுத்திருப்போம். ஒரு நாரைப் படத்தில் பிரவுசர் வெட்டியதில் நீண்ட மஞ்சள் அலகு பாதியோடு நின்றது. அலகில்லாத நாரையை யாரிடம் காட்டுவது? அதனால் வெட்ட வேண்டிய ஒவ்வொரு படத்தையும் கையால் வெட்டி, தனிக் கோப்பாக வைத்து, பக்கத்தின் அமைப்பை எழுதும் எச்டிஎம்எல்லில் 'பிக்சர்' என்ற குறியைப் பயன்படுத்தினேன். அதற்குள் இரண்டு மூலங்களைக் கொடுக்கலாம்: திரை நிமிர்ந்திருந்தால் இந்தக் கோப்பு, படுத்திருந்தால் அந்தக் கோப்பு. போனைத் திருப்பினால் முழுப் படம் வரும், நிமிர்த்தினால் வெட்டிய படம் வரும். பார்க்கிறவருக்கு எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

எடுத்தபோது இருந்த படத்தின் சட்டத்தை, அதாவது ஃப்ரேமை, மாற்றலாமா என்ற கேள்வி எனக்குள் நெடுநாள் ஓடியது. கரையில் நின்று அகலமாகப் பார்த்துத்தானே அமைத்தோம், அதைப் போனுக்காகச் சுருக்கலாமா? என் முடிவு: வெட்டிய பிறகும் அது ஒரு படமாக நின்றால் வெட்டலாம். வெறும் துண்டாகத் தெரிந்தால் கூடாது. அப்படிப் பார்த்ததில் வெட்ட முடியாத படங்கள் நிறையவே இருந்தன.

பூநாரைக் கூட்டம் அந்த வகைதான். அதன் அகலம்தான் அந்தப் படமே. அதற்கு வேறு வழி செய்தேன். படத்தைத் திரையில் அறுபது சதவீத உயரத்துக்கு வைத்து, அகலத்தைத் திரைக்கு வெளியே ஓட விட்டேன். விரலால் இடமும் வலமும் நகர்த்திப் பார்க்கலாம். அதைச் சுற்றியுள்ள பெட்டிக்கு 'ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஆட்டோ' என்ற ஒரு சிஎஸ்எஸ் வரி போதும், ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தேவையில்லை. வலது ஓரத்தில் ஒரு பறவை பாதி தெரியும்படி தொடங்கினால், இன்னும் இருக்கிறது என்று கண்ணே சொல்லிவிடும். அம்புக்குறி, 'தள்ளிப் பாருங்கள்' என்ற அறிவிப்பு எதுவும் வைக்கவில்லை. கரையில் நின்று கழுத்தைத் திருப்பித் திருப்பித்தானே குளத்தைப் பார்க்கிறோம், அதையே விரல் செய்கிறது. தளத்தில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இப்போது அதுதான். ஒரே ஒரு எச்சரிக்கை: இந்தப் பட்டையின் விளிம்பிலிருந்து விரலை இழுத்தால் போன் அதைப் 'பின்னால் போ' என்று எடுத்துக்கொள்ளும். ஐபோனில் இடது விளிம்பும், ஆண்ட்ராய்டு 10-ல் வந்த, விரலை இழுத்தே போனை இயக்கும் ஜாடை முறையில் இரண்டு விளிம்புகளும் அந்த வேலைக்கு ஒதுக்கப்பட்டவை. ஒரு பக்கத்தில் ஒரு பட்டைக்கு மேல் வைக்காமல் இருப்பது நல்லது.

மீதிப் படங்களை முகப்பிலிருந்து எடுத்துவிட்டேன். மனசு வராத வேலைதான். ஆனால் கணினியில் படங்கள் கட்டம் கட்டமாகப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது கண் தனக்குப் பிடித்ததைத் தேர்ந்து போய்க்கொள்கிறது. போனில் அப்படி இல்லை. ஒன்று முடிந்து அடுத்தது. வரிசையை நாம்தான் தீர்மானிக்கிறோம். ஒரே மாதிரி மூன்று நாரைப் படம் அடுத்தடுத்து வந்தால் விரல் வேகமாகத் தள்ளிவிட்டுப் போகிறது. கூட்டத்துக்குப் பின் ஒற்றைப் பறவை, நெருக்கத்துக்குப் பின் வெறும் நீர்ப்பரப்பு, அகலத்துக்குப் பின் உயரம் என்று மாற்றி மாற்றி அடுக்கினேன். ஒவ்வொரு தொகுப்பும் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. நண்பர்கள் பலர் தொகுப்பின் கடைசிப் படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

சரி, தொழில்நுட்பத்துக்கு வருகிறேன்.

பழைய தளம் போனில் ஏன் குட்டியாகத் தெரிந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2007-ல் ஐபோன் வந்தபோது உலகத்தில் இருந்த பக்கங்கள் எல்லாம் கணினிக்காகச் செய்தவை. அதனால் அதன் சஃபாரி பிரவுசர், திரை 980 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொண்டு பக்கத்தை வரைந்து, பிறகு மொத்தத்தையும் சுருக்கிக் காட்டியது. இன்றைக்கும் பக்கத்தின் தலைப்பகுதியில் வியூபோர்ட் என்ற ஒரு வரி இல்லாவிட்டால் மொபைல் பிரவுசர்கள் இப்படித்தான் செய்யும். அந்த வரியில் 'அகலம் = கருவியின் அகலம்' என்று சொல்லிவிட்டால் போதும். அதே வரியில் சிலர் பெரிதாக்குவதைத் தடுத்து வைப்பார்கள். புகைப்படத் தளத்தில் அதைச் செய்யவே கூடாது. இரண்டு விரலால் விரித்து இறகைப் பார்ப்பதுதான் போனில் படம் பார்ப்பதன் சுகமே.

அடுத்தது கோப்பின் எடை. பழைய முகப்புப் பக்கம் 10 எம்பிக்கு மேல் இழுத்தது. பலர் கவனிப்பது இதை மட்டும்தான். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஜேபெக் என்பது சுருக்கி வைத்த கோப்பு. திரையில் காட்ட அதை விரித்தாக வேண்டும். விரித்தால் ஒரு பிக்சலுக்கு நான்கு பைட். 2048-க்கு 1365 பிக்சல் படம் கோப்பாக 400 கேபி இருக்கலாம், போனின் நினைவகத்தில் அது 11 எம்பி. அப்படி 40 படம் ஒரே பக்கத்தில் என்றால் 400 எம்பியைத் தாண்டிவிடும். குறைந்த ராம் உள்ள போனில் ஸ்க்ரோல் செய்யச் செய்யப் பக்கம் தானாக மறுபடி லோடு ஆவதற்கும் பிரவுசர் மூடிக்கொள்வதற்கும் இதுதான் பெரும்பாலும் காரணம். கோப்பை அழுத்தி 150 கேபி ஆக்கினாலும் பிக்சல் எண்ணிக்கை அதே என்றால் நினைவகச் சுமையும் அதேதான். 1080-க்கு 720 ஆக்கினால் விரித்த பிறகும் 3 எம்பி சொச்சம்தான். ஆகவே முதலில் குறைக்க வேண்டியது பிக்சல், அப்புறம்தான் அழுத்தம்.

ஒவ்வொரு படத்தையும் 480, 720, 1080, 1600, 2400 என்று ஐந்து அகலங்களில் செய்து வைத்தேன். இமேஜ்மேஜிக் என்ற பட மென்பொருளை வைத்து எழுதிய சின்ன நிரல் ஒன்று ஒரு கோப்புறை முழுவதையும் ஒரே மூச்சில் செய்துவிடுகிறது. எச்டிஎம்எல்லில் 'எஸ்ஆர்சி-செட்' என்ற பண்பில் ஐந்தையும் எழுதிவிட்டால், தன் திரைக்கு எது வேண்டும் என்று பிரவுசரே எடுத்துக்கொள்ளும். ஆனால் கூடவே 'சைஸஸ்' என்ற பண்பையும் கொடுக்க வேண்டும். படம் பக்கத்தில் எவ்வளவு அகலத்துக்கு வரப்போகிறது என்பது கோப்பைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் பிரவுசருக்குத் தெரியாது. நாம் சொல்லாவிட்டால் திரையின் முழு அகலம் என்று எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டாக வைத்த சின்னப் படத்துக்கு 1080 கோப்பு இறங்குவது இதனால்தான். பாதி அகலம் என்று சொல்லியிருந்தால் 720 கோப்போடு நின்றிருக்கும். வேர்ட்பிரஸ் வைத்திருப்பவர்களுக்கு 2015 டிசம்பரில் வந்த 4.4 பதிப்பிலிருந்து எஸ்ஆர்சி-செட் தானாகவே வருகிறது. ஆனால் சைஸஸ் மதிப்பை அவரவர் தீமுக்கு ஏற்பத் திருத்தினால்தான் முழுப் பலன் கிடைக்கும்.

எந்தக் கோப்பு வகை என்பதில் நான் பொதுவிதி எதையும் வைத்துக்கொள்ளவில்லை. வெப்பி (WebP) என்ற வகை படத்தை நன்றாகவே சுருக்குகிறது. 2020-ல் சஃபாரி 14 வந்த பிறகு அதைக் காட்டாத பிரவுசர் அநேகமாக இல்லை. ஆனால் கொஞ்சம் விவரத்தை விட்டுக்கொடுத்துச் சுருக்கும் 'இழப்புள்ள' வெப்பியில் நிற விவரம் எப்போதும் பாதித் துல்லியத்தில்தான் சேமிக்கப்படும். வானம், தண்ணீர், மரம் என்றால் தெரியாது. சங்குவளை நாரையின் வால்பக்கத்தில் இருக்கும் இளஞ்சிவப்பு இறகுகள் வெள்ளையும் கறுப்புமான இறகுகளைத் தொடும் விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள், சிவப்பு கசிந்து நிற்கும். அந்தப் படங்களை மட்டும் நிற விவரத்தைக் குறைக்காத ஜேபெக்காகவே வைத்தேன். கோப்பு கொஞ்சம் கனம்தான், பரவாயில்லை. ஏவிஐஎஃப் (AVIF) என்ற இன்னொரு வகை இன்னும் அதிகம் சுருக்குகிறது. விடிகாலை வானத்தில் படிப்படியாகக் கோடு விழாமல் காப்பதில் அதற்கு இணை இல்லை. ஆனால் அழுத்தத்தைக் கூட்டினால் மெல்லிய இறகுக் கோடுகளை மெழுகிவிடுகிறது. என்னைக் கேட்டால் வானத்துக்கு ஏவிஐஎஃப், இறகுக்கு ஜேபெக்.

நிறத்தில் இன்னொரு விஷயம். அடோபி ஆர்ஜிபி என்ற விரிந்த நிற அளவில் வைத்திருக்கும் படத்தை அப்படியே தளத்தில் போட்டு, அதோடு எந்த நிற அளவு என்று சொல்லும் நிறக் குறிப்பையும் நீக்கிவிட்டால், போனில் படம் வெளிறிப் போகும். கோப்பைச் சின்னதாக்க இமேஜ்மேஜிக்கில் 'ஸ்ட்ரிப்' கட்டளை கொடுக்கச் சொல்வார்கள். அது கேமரா தகவல்களோடு நிறக் குறிப்பையும் சேர்த்தே எடுத்துவிடும். ஆகவே முதலில் இணையத்தின் பொது நிற அளவான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிட்டு, அதற்கப்புறம் நீக்குங்கள். தகவல்களை நீக்குவது நல்லதும்கூட. போனில் எடுத்த படத்திலும், போனோடு இணைத்த கேமராவில் எடுத்த படத்திலும் எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை இருக்க வாய்ப்புண்டு. சரணாலயம் எல்லாருக்கும் தெரிந்த இடம், அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் ஆந்தைக் கூடு இருக்கும் பாறையையும் பனையையும் ஊருக்கெல்லாம் அறிவிப்பது அந்தப் பறவைக்குச் செய்யும் துரோகம். உரிமைக் குறிப்பை மட்டும் எக்ஸிஃப்டூல் என்ற கருவி கொண்டு மறுபடி எழுதி வைக்கிறேன்.

லேஸி லோடிங் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். ஒரு வரி சேர்த்தால் திரைக்குக் கீழே இருக்கும் படங்கள் நெருங்கும்போதுதான் இறங்கும். முதல் படத்துக்கு மட்டும் அதைப் போடாதீர்கள். போட்டால் திறந்தவுடன் தெரிய வேண்டிய படமே தாமதமாக வரும். கூகுள் தன் அளவுகோலில் பக்கத்தின் மிகப் பெரிய உறுப்பு 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்கிறது. புகைப்படத் தளத்தில் அந்த உறுப்பு பெரும்பாலும் முதல் படம்தான். அதோடு ஒவ்வொரு படக் குறியிலும் அகலத்தையும் உயரத்தையும் எண்ணாக எழுதுங்கள். படம் வருவதற்கு முன்பே பிரவுசர் அதற்கு இடம் ஒதுக்கி வைக்கும். இல்லாவிட்டால் படத்தின் விளக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது மேலே ஒரு படம் வந்து விழுந்து எழுத்தையெல்லாம் கீழே தள்ளும்.

பழைய தளத்தில் பறவையின் பெயர் சுட்டியை மேலே கொண்டுபோனால்தான் தெரியும். விரலுக்கு அப்படி ஒரு நிலையே கிடையாது. எல்லாப் பெயர்களையும் படத்துக்குக் கீழே எழுத்தாகக் கொண்டுவந்தேன். மெனுவையும் மூன்று கோட்டுக்குள் மறைக்கவில்லை. நான்கே சொற்கள்தான்: பறவைகள், குளங்கள், ஊர், தொடர்பு. வெளியிலேயே இருக்கட்டும். ஒவ்வொன்றும் விரலுக்கு அகப்படும் அளவு, ஆப்பிள் சொல்லும் 44 பாயிண்டுக்குக் குறையாமல்.

படத்தைத் தட்டினால் அதே பக்கத்தின் மேல் கறுப்பாக ஒரு திரை விரிந்து படம் பெரிதாவது வழக்கம். அதை முழுவதுமாக எடுத்துவிட்டேன். அந்த நிரல்களில் பல விரலால் பெரிதாக்குவதைக் கெடுக்கின்றன. அதைவிட முக்கியமாக, ஆண்ட்ராய்டில் படத்தை மூட எல்லாரும் அழுத்துவது 'பின்' பொத்தானைத்தான். அழுத்தினால் படம் மூடுவதற்குப் பதில் தளத்தை விட்டே வெளியே போய்விடுவார்கள். இதைச் சரிசெய்ய ஜாவாஸ்கிரிப்டில் வழி உண்டு. நான் அதைவிட எளிய வழிக்குப் போனேன்: ஒவ்வொரு படத்துக்கும் தனிப் பக்கம், தனி முகவரி. பின்னால் போவது தானாக நடக்கும், பெரிதாக்குவது தானாக நடக்கும். பிடித்த படத்தை மட்டும் ஒருவருக்கு அனுப்பவும் முடியும். இறகு வரை பார்க்க விரும்புகிறவருக்கு அடியில் 'பெரிய படம், 1.4 எம்பி' என்று ஓர் இணைப்பு. எடையைச் சொல்லிவிட்டால் டேட்டா குறைவாக இருப்பவர் தானே முடிவு செய்துகொள்வார்.

தமிழ் எழுத்துக்கு வருகிறேன், இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பல தளங்களில் ஆங்கிலத்துக்குப் பொருந்தும் வரி இடைவெளியைத் தமிழுக்கும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். மேலே சுழியும் கீழே காலும் உள்ள எழுத்து நம்முடையது. 1.4 மடங்கு இடைவெளியில் மேல்வரியின் 'ழு' கீழ்வரியின் 'கீ'யோடு முட்டும். 1.7 வைத்தால் மூச்சு விடுகிறது. எழுத்தின் அளவு 17 பிக்சல். தனியாக எழுத்துரு எதையும் இறக்கவில்லை. ஆண்ட்ராய்டில் நோட்டோ தமிழும் ஐபோனில் தமிழ் சங்கமும் ஏற்கெனவே இருக்கின்றன, படிக்க நன்றாகவும் இருக்கின்றன. அந்த டேட்டாவைப் படத்துக்குச் செலவழிக்கலாம். தலைப்பில்தான் கவனம் வேண்டும். 'கூந்தன்குளத்திலிருந்து' என்ற ஒரே சொல் 32 பிக்சல் அளவில் 360 பிக்சல் திரையை விட்டு வெளியே போய், பக்கம் முழுவதையும் பக்கவாட்டில் ஆட வைத்தது. திரை அகலத்தோடு தானே சுருங்கும்படி சிஎஸ்எஸ்ஸில் 'கிளாம்ப்' கொடுத்தேன், நின்றது.

கறுப்புப் பின்னணியை விடுவது கடைசி வரை கஷ்டமாக இருந்தது. படம் அதில்தான் எடுப்பாகத் தெரியும் என்பது நம் தொழிலில் ஊறிப்போன பழக்கம். ஆனால் போனை வெளியில்தான் பார்க்கிறார்கள். மதிய வெயிலில் கறுப்புத் திரை கண்ணாடியாகிப் பார்ப்பவரின் முகத்தைத்தான் காட்டும். மங்கிய வெள்ளைப் பின்னணியும் கருஞ்சாம்பல் எழுத்தும் வைத்தேன். போனில் இருள் நிலையைத் தேர்ந்து வைத்திருப்பவருக்குப் பழைய கறுப்பே வரும். அதற்கும் சிஎஸ்எஸ்ஸில் வழி இருக்கிறது.

சோதித்துப் பார்க்கக் குரோமின் டெவலப்பர் கருவிகள் பாதி வரை உதவும். திரை அளவை மாற்றலாம், நெட் வேகத்தைக் குறைக்கலாம். கணினியின் பலத்தில் ஓடும் அந்தப் பாவனையில் நினைவகச் சிக்கல் மட்டும் தெரியவே தெரியாது. வீட்டில் யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய 2 ஜிபி ராம் போனைச் சார்ஜ் போட்டு எடுத்து, கேபிளில் கணினியோடு இணைத்துப் பார்த்ததில்தான் பக்கம் எங்கே திணறுகிறது என்று தெரிந்தது. பிறகு அதே போனை எடுத்துக்கொண்டு சிக்னல் சரியாகக் கிடைக்காத கரைப்பக்கம் போய்த் திறந்தேன். உங்கள் படங்களின் ஊர்க்காரர்கள் எந்தச் சிக்னலில் பார்ப்பார்களோ அங்கே நின்று பார்க்க வேண்டும். நண்பர்களிடம் கொடுக்கும்போது எதையும் விளக்காமல் கொடுங்கள். அவர்கள் விரல் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே போதும்.

தளம் மாறினாலும் பழைய முகவரிகளைச் சாக விடக் கூடாது. பள்ளிக்கூடங்களும் பறவை ஆர்வலர்களும் எங்கெங்கோ அந்த இணைப்புகளைச் சேர்த்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு பழைய பக்கத்துக்கும் புதிய பக்கத்தைச் சுட்டும் 301 திருப்பத்தை எழுதி வைத்தேன்.

கடைசியாகச் செய்தது வாட்ஸாப் முன்னோட்டம். செய்து முடித்ததும், இதை முதலில் செய்திருக்கலாமே என்று தோன்றியது, ஏனென்றால் எங்கள் பக்கத்தில் தளத்தின் வாசலே அதுதான். இணைப்பை அனுப்பும்போது கூடவே தெரியும் படத்தை பக்கத்தின் தலைப்பகுதியில் எழுதும் ஓப்பன் கிராஃப் குறியில் நாம்தான் சொல்ல வேண்டும். 1200-க்கு 630 பிக்சல், சில நூறு கேபிக்குள். முன்னோட்டம் சில இடங்களில் அகலமாகவும் சில இடங்களில் சின்னச் சதுரமாகவும் வருகிறது. சதுரமாக வெட்டினாலும் பறவை உள்ளே இருக்கும்படி நடுவில் வையுங்கள், படத்தின் மேல் எழுத்து எதுவும் போடாதீர்கள். தலைப்பு வரியில் தளத்தின் பெயரை முதலில் எழுதாமல் பறவையின் பெயரை முதலில் எழுதுங்கள். முன்னோட்டப் படத்தை மாற்றிய பிறகும் பழையதே வந்துகொண்டிருந்தால் கோப்புக்கு வேறு பெயர் கொடுத்து ஏற்றுங்கள். தனிப் பக்கங்கள் எல்லாவற்றுக்கும் இதைச் செய்துகொண்டு வருகிறேன். நாரைகள் முடிந்துவிட்டன, வாத்துகள் பாக்கி.